நூறு எம்பி வாசல்

கறுப்புத் திரையில் ஒரே வரி:
துவக்க வட்டு எதுவும் இல்லை.
அதற்கடியில் ஒரு சின்னக் கோடு
மின்னி மின்னிக் காத்திருந்தது.

பழைய வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோட்டுக்குப் பின்சந்து.
கோதண்டம் பிளெக்ஸ்.
இரவு பதினொன்றே கால்.
வெளியே பைக்கில் சாய்ந்தபடி மூன்று பேர்.
காலை பத்துக்கு எடுக்கிறார்கள்,
அதற்குள் கண்ணீர் அஞ்சலி வேண்டும், பத்துக்கு எட்டு.
இறந்தவர் படம் உள்ளேதான் இருக்கிறது.
உள்ளே போகத்தான் வழியில்லை.

பக்கப் பலகையைக் கழற்றினேன்.
மை வாசனை, பல்லி முட்டை ஓடு, நாலு வருடத் தூசி.
மூன்று வட்டு இருந்த இடத்தில் இரண்டு.
மூன்றாவதன் சிவப்பு வயர்
வாயைத் திறந்தபடி தொங்கியது.

"அது எங்கண்ணே?"
"தம்பி எடுத்துட்டுப் போயிட்டான்.
ஆடியில பாகம் பிரிச்சோம்ல.
பழைய டிஸ்க்கு, வெறும் கணக்கு வழக்கு.
போவட்டும்னு வுட்டுட்டேன்."

பயாஸில் வரிசையை மாற்றினேன்.
இதை முதலில் வை. இல்லை.
அதை முதலில் வை. இல்லை.
இரண்டிலும் அறை அறையாகச் சாமான்,
ஒன்றிலும் கதவில்லை.

அப்போதுதான் உறைத்தது.
நாலு வருடம் முன்பு
இதே ஸ்டூலில் உட்கார்ந்து
புது வட்டில் விண்டோஸ் போட்டவள் நான்தான்.
மற்றதையெல்லாம் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும்,
ரிச்சி தெருவில் டீ கொண்டுவரும் பையனுக்கும் தெரியும்.
நான் கழற்றவில்லை.
ஸ்க்ரூ டிரைவர் எட்டாத தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.
அது தன்பாட்டுக்கு
வீட்டைப் புதியதில் கட்டி
வாசலைப் பழையதில் வைத்துவிட்டது.
நூறு எம்பி.
ஒரு காதுகுத்து பேனர்கூட அடங்காத இடம்.

பென்டிரைவ் இருந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம்.
அது மேடவாக்கத்தில், என் மேசை டிராயரில்.

அண்ணனிடம் சொன்னேன்.
தப்பு என்னுடையது என்பதை மட்டும்
கொஞ்சம் தாழ்ந்த குரலில்.
அவர் போனை எடுத்தார், பெயரைத் தேடினார்,
அழைப்பு போவதற்குள் என்னிடம் நீட்டினார்.
"நீயே பேசும்மா."

வியாசர்பாடியிலிருந்து தட்ணா வந்தான்,
சோற்றுப் பையில் துண்டு சுற்றிய வட்டோடு.
செருப்பைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை.
சிவப்பு வயரைச் செருகினேன்.
பழைய வட்டு தொண்டையைச் செருமியது,
சுழன்றது,
நீல ஜன்னல் வந்தது.
வெளியே யாரோ பீடியை அணைத்தார்கள்.

படத்தைத் திறந்தார் அண்ணன்.
நரைமீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா.
"தேதி தப்பு" என்றான் தட்ணா,
பின்னாலிருந்து, சுவரைப் பார்த்தபடி.
"இன்னிக்கி பதினேழு."
திரும்பாமல் திருத்தினார்.
"மூஞ்சில மஞ்சள் ஜாஸ்தி."
திரும்பாமல் குறைத்தார்.

இயந்திரம் அங்குமிங்கும் ஓடி
நெற்றி, கண், மூக்கு என்று
இறந்தவரை மேலிருந்து கீழாக
இறக்கிக்கொண்டிருந்தபோது
நான் என் வேலையைத் தொடங்கினேன்.
புது வட்டின் ஓரத்தில் நூறு எம்பி வெட்டி
வாசலை இங்கே மாற்ற வேண்டும்.
ஒரே வரிக் கட்டளை.
எழுதிவிட்டு, என்டரின்மேல் விரல் வைத்து
கொஞ்ச நேரம் இருந்தேன்.
இதை அழுத்தினால்
இந்தப் பெட்டிக்குத் தம்பி தேவையில்லை.
பத்திரத்தில் எழுதாமல் விட்ட கடைசிப் பாகம்
என் சுண்டுவிரலுக்கடியில்.

"ஆச்சாம்மா?" என்றார் அண்ணன்.
அழுத்தினேன்.

வட்டைத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன்.
சூடாக இருக்கிறது, பார்த்து என்றேன்.
பேனரின் ஒரு முனையை அண்ணன் பிடிக்க
மறுமுனையைத் தட்ணா பிடித்துச் சுருட்டினான்.
பத்தடி நீளம், இன்னும் காயாத மை.
ஒருவரால் ஆகாது.

கூலி வாங்கவில்லை.
சிவப்பு வயரைக் கழற்றாமலே பலகையை மூடினேன்.
இந்த முறை
ஸ்க்ரூ டிரைவர் கையிலேயே இருந்தது.